முதலில் பைப்பைப் பாருங்கள்

எங்கள் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டு கருங்கல் கிடக்கும். அப்பா காலத்துக் கற்கள். மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கியதும் முதல் வேலையாகப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். அது அவருடைய பழக்கம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்பது தெரிய எனக்கு முப்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

இந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அந்த இடத்தில் சிறிய டிரம் ஒன்று உண்டு. ஷாஃப்ட் நின்றால் பின்சக்கரம் இரண்டும் நிற்கும். ஆனால் இரண்டும் தரையில் இருக்கும்வரைதான். பஞ்சர் பார்க்க ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும். டிஃபரன்ஷியலின் வேலை அது. ஷாஃப்ட் அசையாமல் இருக்கும்போதே வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிப் போய்விடும். பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் டயர் மாற்ற உட்காரக்கூடாது. கல் கட்டாயம்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை. கீழ்ச்சரிவில் உருளைக்கிழங்கு போடுவோம். கிழங்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும், உரமும் தீவனமும் வாங்கி ஏறுவதும் இந்த ஜீப்பில்தான். மஹிந்திரா சிஜே-3பி, 1972-ஆம் ஆண்டு வண்டி. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாடல் அது. புது எஞ்சின் பழையதைவிட உயரமாக இருந்ததால் பானெட்டைத் தூக்கி வைத்தார்கள். அந்த உயர்ந்த நெற்றியை வைத்தே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1968-இல் அதை நிறுத்தியபிறகும் நம் ஊரில் மஹிந்திரா செய்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி பெட்ரோலாகப் பிறந்தது. 1989-இல் அப்பா டீசல் எஞ்சின் மாற்றினார். எஞ்சின் கனமானது, இழுவை கூடியது, மூட்டையும் கூடியது. பிரேக் மட்டும் பழையதாகவே இருந்தது: நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து ஒரே பைப்.

2011 அக்டோபரில் மழை விட்ட ஒரு காலை, ஆறு மூட்டைக் கிழங்கோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தம்பி. குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். பெடல் மெதுவாக, எதிர்ப்பே இல்லாமல், தரைத்தகடு வரை போய்ப் படுத்தது. எடுத்து எடுத்து மிதித்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவது கியரில் இருந்த வண்டியை இரண்டாவதுக்கு இறக்கினேன். இந்த கியர்பாக்ஸில் மூன்று கியர்தான். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, ஓடும் வண்டியில் போட்டால் பல் கறகறவென்று கத்துமே தவிர விழாது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் ஷாஃப்ட் தாங்காது என்று அப்பா சொன்னது காதில் இருந்தது. மலைப்பக்கத்து மண்சரிவில் இடது பக்கத்தைத் தேய்த்துத்தான் நின்றோம். மறுபக்கம் பள்ளம். எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

முன் இடது சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. ஒரு சாண் நீள ரப்பர் குழாய். வெளியே பார்த்தால் லேசான வெடிப்பு. உள்ளே ஊறி உப்பிப் பஞ்சுபோல ஆகியிருந்தது. அது போனதும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போயிற்று. காரணம், பைப் ஒன்று. ஒரு சக்கரத்தில் ஓட்டை விழுந்தால் எல்லாச் சக்கரத்தின் அழுத்தமும் அந்த ஓட்டை வழியாகவே போய்விடும்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஹோஸின் மேல் மரியாதை வரும். காலால் 20 கிலோ அழுத்துகிறோம். பெடலின் நெம்பு அதை ஆறு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 120 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் துளை 1 அங்குல விட்டம், பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 24 கிலோ. டயரில் நாம் அடிக்கிற காற்று 2 கிலோ சொச்சம்தான். சாதாரணமாக மிதிக்கும்போதே அதைப் போலப் பத்து மடங்கை அந்த ரப்பர் தாங்குகிறது. பதறி மிதித்தால் இன்னும் மேலே.

மேட்டுப்பாளையத்தில் அப்பா காலத்திலிருந்தே எங்கள் வண்டியைப் பார்க்கும் பாய் ஒருவர் உண்டு. லாரியில் கட்டி இழுத்துவந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். நான் முடிவோடு இருந்தேன்: "பாய், எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு டிஸ்க் பிரேக் வச்சுக் குடுங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிஸ்க் அப்புறம் போட்டுக்கலாம் பாப்பா. இந்தப் பைப்பு ஒண்ணா ஓடுது பாரு, அதை மொதல்ல ரெண்டாக்கணும். ஆயில் போயிடுச்சுன்னா டிஸ்க்கும் வெறும் தட்டுதான்."

இத்தனை வருடத்தில் பழைய ஜீப் பிரேக்கைப் பற்றி நான் கேட்ட பேச்சில் இதைவிடச் சரியானது ஒன்றும் இல்லை.

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் என்பது ஒரே உருளைக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு பிஸ்டன். ஒன்று முன்சக்கரங்களுக்கு ஆயில் தள்ளும், மற்றது பின்சக்கரங்களுக்கு. ஆயில் நிற்கும் அறையும் இரண்டு. முன்னால் ஹோஸ் வெடித்தால் பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கும். அதன்பிறகு பின்சக்கரம் பிடிக்கும். வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், ஆனால் நிற்கும். அமெரிக்காவில் பயணிகள் கார்களுக்கு இதை 1968-லேயே சட்டமாக்கிவிட்டார்கள். அதற்கு நான்கு வருடம் கழித்துப் பிறந்த எங்கள் ஜீப்பில் ஒற்றைப் பைப்தான்.

பாய் அதை மாற்றினார். பழைய இரும்புப் பைப் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது வளைத்தார். ஹோஸ் எல்லாம் புதிது. நான்கு வீல் சிலிண்டரும் புதிது. துளை மட்டும் அதே 1 அங்குலம். நான் ஏன் என்று கேட்டேன். துளையைச் சிறிதாக்கினால் அதே மிதிக்கு அழுத்தம் கூடும். ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ள பெடல் கூடுதல் தூரம் போகவேண்டும். துளையைப் பெரிதாக்கினால் பெடல் குட்டையாக, கல்போல நிற்கும். காலுக்கு வலு வேண்டும். வேறு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரைக் கிடைத்தது என்று மாட்டுகிறவர்கள் இந்த ஒரு அளவைப் பார்க்காமல்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பிரேக் ஆயில் என்ற பெயரே ஆபத்தானது. அது ஆயிலே இல்லை. உண்மையான எண்ணெய், எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ, சொட்டு கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் கப் ஊதிப்போகும். எங்கள் ஹோஸ் உப்பியதற்கும் யாரோ எப்போதோ எதையோ ஊற்றியது காரணமாக இருக்கலாம் என்றார் பாய். வீல் சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவுவதும் அதே தப்பு. இன்னொன்று, இந்தத் திரவம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட்-3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு அளவுக்கு நீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாட்-4 வகைக்கு அதே கணக்கு 230-உம் 155-உம். கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம்; பெடல் பஞ்சாகிவிடும். நீலகிரி மாதிரி வருடத்தில் பாதி ஈரமாகவே இருக்கிற ஊரில் ஆயிலை இரண்டு வருடத்துக்கு மேல் விடக்கூடாது. நான் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரம்வரை ஏர் எடுத்து, தெளிவான ஆயில் வரும்வரை விடுவோம்.

பிரேக் ஏன் சூடாகிறது என்பதை என் மகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,450 மீட்டர் இறக்கம். ஜீப், மூட்டை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து 1,500 கிலோ. இவ்வளவு கனம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை அப்படியே சூடாக்கினால் 68 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். நாலைந்து குடம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும், ஒரு பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு டிரம்முக்குள் இறங்கவேண்டும். எஞ்சினுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது அதற்குத்தான். வேகத்துக்கு வேறு கணக்கு: 20-இல் போகிற வண்டியை நிறுத்துவதைப் போல 40-இல் போகிற வண்டியை நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலை விழுங்கவேண்டும்.

டிரம் பிரேக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. சுழலும் டிரம்மே முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் மிதித்தால் நிறையப் பிடிக்கும். அதனால்தான் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் இல்லாமலே அந்தக் கால வண்டிகள் நின்றன. கெட்ட குணம் சூட்டில் வரும். இரும்பு டிரம் சூடேறினால் விரியும், விரிந்தால் ஷூவை விட்டு விலகும். லைனரும் சூட்டில் வழுக்கும். கருகிய வாசனை வரும்போது பெடல் இறங்கத் தொடங்கியிருக்கும். இன்னும் ஓங்கி மிதித்தால் இன்னும் சூடு. அந்த நிலையில் செய்யவேண்டியது ஒன்றுதான்: நிறுத்தக்கூடிய முதல் இடத்தில் நிறுத்தி, கல் வைத்து, தொட்டுப்பார்க்காமல் அரைமணி நேரம் ஆறவிடுவது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெடிப்பு விடும், தயவுசெய்து வேண்டாம்.

பைப் வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து முன்சக்கரத்துக்கு 11 அங்குல டிரம் மாற்றினோம். பிற்கால ஜீப் ஒன்றிலிருந்து கழற்றியது. பின்தகடு, ஷூ, சிலிண்டர் எல்லாம் முழு செட்டாக. 9-இலிருந்து 11 என்றால் கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து தள்ளிப்போவதால் நெம்பு 22 சதவீதம் கூடுகிறது. லைனர் அகலமும் ஒன்றே முக்காலிலிருந்து 2 அங்குலமாகிறது. உரசும் டிரம் பரப்பு 40 சதவீதம் அதிகம், சூட்டை வாங்கும் இரும்பும் அதிகம். பின்சக்கரத்தை வேண்டுமென்றே 9-லேயே விட்டோம். பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். லேசான பின்சக்கரத்தில் வலுவான பிரேக் வைத்தால் அது முன்சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டு வண்டியைச் சுழற்றிவிடும். இரண்டு அச்சுக்கும் இடையே 203 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள குட்டை ஜீப் மழைத் தாரில் சுழல ஒரு நொடி போதும். நான்கையும் பெரிதாக்கினால் நான்கு மடங்கு பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு.

இந்த டிரம் தானாக இறுக்கிக்கொள்ளாது. லைனர் தேயத் தேயக் கையால் டைட் வைக்கவேண்டும். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றி, லேசாக உரசும்வரை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தவேண்டும். இடமும் வலமும் ஒன்றுபோல. ஒரு பக்கம் கூடினால் மிதித்ததும் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். பின் ஆக்சில் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் ஊறியிருந்தால் அந்த லைனரைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். போனது போனதுதான். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசி ஊதும் வழக்கத்தைப் பட்டறைகள் விடவேண்டும். ஈரத்துணியால் துடைக்கலாம். வேலை செய்கிற பையன்களின் நுரையீரல் அது.

தம்பி என்னோடு உடன்படவில்லை. அவன் தன் நீள ஜீப்புக்கு முன்னால் டிஸ்க் போட்டான். அதற்கு அவனிடம் நியாயம் இருந்தது: அவன் கோயம்புத்தூர்வரை நெடுஞ்சாலையில் போகிறவன், ஓடையில் இறங்கி ஏறுகிறவன். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்கிறது. சூடு காற்றில் போகும், நனைந்தாலும் ஓரிரு சுற்றில் உலரும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்தவேண்டும். ஆனால் டிஸ்க்கில் தன்னைத்தானே இறுக்கும் குணம் கிடையாது. நான் சொன்ன 24 கிலோ அழுத்தம் அதற்குப் போதாது. பூஸ்டர் வேண்டும்.

பூஸ்டர் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. பெட்ரோல் எஞ்சினின் இன்லெட்டில் அந்த வெற்றிடம் தானாக உண்டாகும். டீசலில் உண்டாகாது, அங்கே காற்றை மறிக்கும் வால்வு கிடையாது. தம்பிக்கு வேலை செய்துகொடுத்த ஒரு பட்டறை டீசல் இன்லெட்டிலேயே பூஸ்டர் குழாயைச் சொருகி அனுப்பிவிட்டது. பெடல் சுவர்போல நின்றது. பிறகு வேக்கம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் மாற்றினபோதுதான் சரியானது.

அடுத்த தொல்லை அரவேணு ஏற்றத்தில் வந்தது. பிரேக்கைத் தொடாமலே ஏறிக்கொண்டிருந்த வண்டியில் முன்சக்கரத்திலிருந்து புகை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், வீல் சிலிண்டர் கப்பின் உதடு விலகாமல் இருக்கப் பைப்பில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் சிறிய வால்வு உண்டு. ஏறக்குறைய 10 பவுண்டு அழுத்தம். டிரம்மில் ஷூவை ஸ்பிரிங் பின்னிழுத்துவிடும், கவலையில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது. அந்த 10 பவுண்டே பேடைத் தட்டோடு அழுத்திக்கொண்டு இருக்கும். வால்வை முழுதாக எடுத்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. நம் ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் கால்தகட்டுக்கு அடியில், பேடைத் தட்டோடு அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆயில் கீழே வடிந்து வந்துவிடும், முதல் மிதி வெற்று மிதியாகும். முன்பைப்புக்கு 2 பவுண்டு வால்வு போட்டுத்தான் தீர்ந்தது. மாற்றுகிறவர்களில் பலர் தடுக்கி விழுகிற இடம் இந்த வால்வுதான்.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கேஸில் வெட்டிய தகட்டை வெல்டு வைத்து மாட்டித் தருகிறேன் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். அங்கிருந்து தம்பியை நான்தான் கிளப்பிக் கூட்டிவந்தேன். வண்டியின் முழு வேகமும் அந்த ஒரு துண்டு இரும்பில் வந்து முட்டுகிறது. தடித்த தகட்டில் லேத்தில் கடைந்து, சரியான கிரேடு போல்ட் போட்டு, ரிம் உள்ளே உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்து மாட்டவேண்டும். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் டிஸ்க் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. தேய்ந்ததை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்கீழ் வரக்கூடிய விஷயம். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். ஆர்சி புத்தகத்தோடு போய் முன்பே கேட்டுவிட்டு வேலையில் இறங்குவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இரண்டு ஜீப்பையும் நான் ஓட்டுகிறேன். மூட்டையோடு மலையில் இறங்குவதற்கு, 40-ஐத் தாண்டாத வண்டிக்கு, இரட்டைப் பைப்பும் 11 அங்குல டிரம்மும் போதும் என்பது என் தீர்மானம். முன்பெல்லாம் கோத்தகிரியில் பெடல் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பிடிக்கும், மேட்டுப்பாளையத்தில் இரண்டு விரலாகிவிடும். இப்போது கீழேயும் கிட்டத்தட்ட நான்கு விரல். நெடுஞ்சாலையில் 70, 80-இல் போகிறவர்களுக்கு டிஸ்க் தேவை. தம்பி வண்டி அங்கே என் வண்டியைவிட நன்றாகவே நிற்கிறது. ஆனால் அவனும் டிஸ்க்குக்கு முன் பைப்பை இரண்டாக்கிக்கொண்டான்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். வண்டியை நிறுத்திவைத்து பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. ஹோஸை விரலால் மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கீழே குனிந்து மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எத்தனை பைப் புறப்படுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், அதை மாற்றாமல் மலை இறங்காதீர்கள்.